வெள்ளிக்கிழமை படுத்துக்கொள்ளும் வண்டி

அன்று என் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். வண்டியின் முதலாளி. அதை ஓட்டும் டிரைவர். மதுரையிலிருந்து லேப்டாப் பையோடு வந்த கம்பெனி இன்ஜினியர். மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து, நான் சாப்பிடாததைப் பார்த்துப் போகாமல் நின்றுவிட்ட என் மனைவி. வேறு யாரும் இல்லை. இதை இவ்வளவு திட்டமாகச் சொல்லக் காரணம் உண்டு. அன்று நான் செய்ததை எத்தனை பேர் பார்த்திருக்க முடியும் என்று அதற்குப் பிறகு பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரே விடைதான் வருகிறது. ஒருவரும் பார்க்கவில்லை.

என் கடை தச்சநல்லூர் பைபாஸ் ஓரம் ஒரு தகரக் கொட்டகை. வண்டிகளுக்கு வயரிங் வேலை. அன்று கொட்டகைக்குள் நின்றது இரண்டே கதவு உள்ள, தரையோடு தரையாகப் பதுங்கிக் கிடக்கிற ஸ்போர்ட்ஸ் கார். சாம்பல் நிறம். நம்மூர் வேகத்தடை ஒவ்வொன்றிலும் வயிறு உரசுகிற உயரம். முதலாளி பாளையங்கோட்டையில் டைல்ஸ், மார்பிள் வியாபாரம் செய்கிற அண்ணாச்சி. ஆசை ஆசையாய் வாங்கியது. இரண்டு மாதமாக அந்த வண்டி திடீர் திடீரென்று செத்துப்போய்க்கொண்டிருந்தது. ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் டேஷ்போர்டில் இருக்கிற எச்சரிக்கை விளக்கு அத்தனையும் எரியும், காற்றாடி பேய் பிடித்த மாதிரி சுற்றும், கியர் விழாது. இரண்டு முறை லாரியில் ஏற்றி மதுரைக் கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே போனால் பெட்டிப்பாம்பாக ஓடும். இரண்டாம் முறை ஸ்டீயரிங்குக்கு அடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் பெட்டியையும் மாற்றிக் கொடுத்தார்கள். ஊருக்கு வந்து நான்காம் நாள் திரும்பவும் படுத்துவிட்டது. மூன்றாம் முறை ஏற்றி அனுப்ப முதலாளிக்கு மனமில்லை. இன்ஜினியரையே வரவழைத்துவிட்டார்.

வரவழைத்த இடம் என் கடை. வண்டியையும் கயிறு கட்டி இழுத்து வந்துவிட்டார்கள். அதற்கும் காரணம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்த வண்டியில் கை வைத்த ஒரே வெளியாள் நான்தான். கண்ணாடியில் ஒட்டுகிற கேமராவுக்கு ஒரு வயர் இழுத்துக் கொடுத்திருந்தேன்.

"மதுரைக்காரரு உம்ம வயருதான்னு சொல்லுதாருவே," என்றார் முதலாளி, இறங்கும்போதே. "இல்லன்னா இவன் தண்ணியில இறக்கியிருக்கான். ரெண்டுல ஒண்ணு. இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சாவணும்."

இவன் என்றது டிரைவரை. முக்கூடல்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். ஐப்பசி மழையில் ஒருநாள் முதலாளியிடம் கேட்காமல் வண்டியை ஊருக்குக் கொண்டுபோய் வந்திருக்கிறார். கதவுக்கு அடியில் சேறு இருந்ததை முதலாளி பார்த்துவிட்டார். அன்றிலிருந்து இந்தப் பேச்சு.

"சோறு திங்கப் போனேன் முதலாளி. பத்து நிமிசம். தண்ணியே கெடையாது அங்கன."

"நீ சோறு தின்ன, வண்டி ஆத்துத் தண்ணியக் குடிச்சிருக்கு. ஏலே, தண்ணிதான்னு இவுக சொல்லிட்டாவன்னா நாலு மணிக்குச் சாவிய வச்சிட்டுப் போயிரு. லாரிக்கூலி, பெட்டிக்காசு எல்லாம் உன் சம்பளத்துல புடிச்சிட்டுத்தான் மிச்சம்."

டிரைவரின் மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள் என்று கேமரா வேலைக்கு வந்தபோது சொல்லியிருந்தார். எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. உடனே அதைவிடப் பெரிதாக இன்னொன்று வந்தது: என் வயராக இருந்தால்?

நான் பயந்த சுபாவம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இங்கிலீஷ் எழுத்தை அர்த்தம் தெரியாமல் உருவம் பார்த்து அடையாளம் கண்டுகொள்வேன். செல்போனில் வயரிங் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தக் காலத்து வண்டிகளைக் கற்றுக்கொண்டேன். ஒரு வண்டி கடையை விட்டுப் போனதும் ஃபியூஸ் மூடியைப் போட்டேனா, வயரை ஒதுக்கிக் கட்டினேனா என்று சந்தேகம் வரும். வாடிக்கையாளருக்குப் போன் போட்டு, "அண்ணாச்சி, லைட்டு எரியுதுல்லா?" என்று கேட்பேன். "எரியுதுவே, நீரு தூங்கும்வே" என்று சிரிப்பார்கள். அந்த ஸ்போர்ட்ஸ் கார் போனபோது மட்டும் மூன்று முறை போன் போட்டேன்.

இன்ஜினியர் சின்ன வயதுக்காரர். சட்டையில் மடிப்புக் கலையவில்லை. "வெளியாள் கை வச்ச வண்டிக்கு நாங்க பொறுப்பு சொல்ல முடியாது சார்," என்று என்னைப் பார்க்காமல் முதலாளியிடம் சொன்னார். "முதல்ல அந்தக் கேமரா வயரைக் கழட்டச் சொல்லுங்க."

கழற்றினேன். வயரை முழுதாக உருவி, வெட்டு இருக்கிறதா, நசுங்கல் இருக்கிறதா என்று விரல்களுக்கிடையில் விட்டுப் பார்த்தேன். புது வயர் மாதிரி இருந்தது. இன்ஜினியர் ஸ்டார்ட் பட்டனை அமுக்கினார். விளக்குகள் எல்லாம் எரிந்தன, காற்றாடி கத்தியது, கியர் விழவில்லை.

"கேமரா வயர் இல்லை," என்றார்.

எனக்கு அப்போது வந்த நிம்மதியை மறக்க முடியாது. மூச்சு விட்டேன். டிரைவர் என்னைப் பார்த்தார். என் வயர் இல்லை என்றால் மிச்சம் என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் திரும்பிக்கொண்டேன்.

இந்த வண்டிகளில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் கிடையாது. விளக்குக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று என்று முப்பது நாற்பது சின்னப் பெட்டிகள் இருக்கும். அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வது, முறுக்கிவிட்ட இரண்டு மெல்லிய வயர்கள் வழியாக. அந்த இரண்டில் ஒன்று எங்கேயாவது வண்டியின் இரும்பில் பட்டுவிட்டால் போதும், பெட்டிகள் ஒன்றோடொன்று பேச முடியாமல் எல்லாம் ஊமையாகிவிடும். லேப்டாப் அதைத்தான் சொன்னது. எங்கே பட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை.

பின்பக்கம் இருந்த பேட்டரியைக் கழற்றினேன். டிரைவர் காலடியில் இருந்த கனெக்டரைத் திறந்து, மீட்டரின் ஒரு முனையை அந்த வயரிலும் மறுமுனையை வண்டியின் இரும்பிலும் வைத்தேன். மீட்டர் 'பீ' என்று கத்தியது. எடுக்கும்வரை நிற்காமல் கத்தியது. வயர் இரும்பில் பட்டிருக்கிறது. சந்தேகமே இல்லை.

"ஷார்ட்தான்," என்றார் இன்ஜினியர். "தேட முடியாது சார். முழு வயரிங் செட்டையும் மாத்தணும். நாலு லட்சத்துக்கு மேல ஆகும். ஈரம் போனா இப்படித்தான் ஆகும்."

"நாலு லட்சமா?" முதலாளி டிரைவரைப் பார்த்தார். "கேட்டியாலே? நாலு லட்சத்துக்குச் சோறு தின்னுருக்க."

எனக்கு அந்தப் பேச்சு பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, ஒரு மணி நேரம் குடுங்க. தேடிப் பாக்கேன்," என்றேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியாது. டிரைவருக்காக என்று இப்போது சொல்லிக்கொண்டால் நன்றாகத்தான் இருக்கும்.

டிரைவரை சீட்டில் உட்காரவைத்து மீட்டரை அவர் மடியில் வைத்தேன். "நான் ஒவ்வொரு எடமா அசைப்பேன். சத்தம் நின்னா சொல்லுங்க."

அசைத்துக்கொண்டே கேட்டேன். "எப்பெப்பப் படுத்துச்சு?"

"செவ்வாய், வெள்ளிதான் அண்ணே ரொம்ப. மத்த நாளு பெரும்பாலும் ஓடிரும்."

முதலாளி சிரித்துவிட்டார். "வண்டி விரதம்லாவே இருக்கு! ஏலே, ஆட்டுக்கறிக் கடைப் பக்கம் கொண்டு போயிராத." இன்ஜினியரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

கதவு இடுக்கு, சீட்டுக்கு அடி, பிரேக் பெட்டி, விளக்குப் பின்பக்கம் என்று ஒவ்வொன்றாக அசைத்தேன். மீட்டர் கத்திக்கொண்டே இருந்தது. முதலாளி போனில் யாரோடோ சரக்கு லாரி பற்றிப் பேசியபடி ரோட்டுப் பக்கம் போய்விட்டார். இன்ஜினியர் முதுகைக் காட்டிக்கொண்டு லேப்டாப்பில் அறிக்கை எழுத ஆரம்பித்தார். மணி இரண்டே கால்.

கடைசியில் மூக்குப் பக்கம் வந்தேன். அங்கே கீழ் வலைக்குப் பின்னால், முன்னால் போகிற வண்டியின் தூரத்தை அளக்கிற ஒரு கண் இருக்கிறது. அதற்கும் அந்த இரண்டு வயர் போகும். வலைக்கு முன்னால் எலுமிச்சம்பழம் தொங்கியது. பழம், நாலு பச்சை மிளகாய், ஒரு கரித்துண்டு. கையை உள்ளே விட அது இடைஞ்சலாக இருந்தது. பழத்தை உள்ளங்கையில் ஏந்திக் கொஞ்சம் மேலே தூக்கினேன்.

சத்தம் நின்றது.

"அண்ணே, நின்னுட்டு!"

பழத்தை விட்டேன். 'பீ.' தூக்கினேன். அமைதி.

"எதையோ தொட்டிய அண்ணே. அங்கனதான்!"

சாக்கை விரித்துக் கீழே படுத்து டார்ச் அடித்தேன். பழத்தைக் கட்டியிருந்த கம்பி வலைக்குள் போய், துணி டேப் சுற்றிய வயர்க் கொத்தையும் அதைத் தாங்கும் இரும்புப் பட்டையையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்திருந்தது. டேப்பையும் உள்ளே வயரின் தோலையும் அறுத்து இறங்கி, வயரை இரும்போடு சேர்த்துவிட்டிருந்தது. செம்புக் கம்பி. முனையில் இடப்பக்கம் இரண்டு முறுக்கு, வலப்பக்கம் ஒரு முறுக்கு.

அது என் முறுக்கு.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய வண்டி வேலை முடிந்து போகும்போது திருஷ்டிக்கு ஒரு எலுமிச்சம்பழம் கட்டித்தான் அனுப்புவேன். மற்ற கடைகளில் நூலில் கட்டுவார்கள், பத்து நாளில் ரோட்டில் விழுந்துவிடும். நான் மிச்ச வயரை உரித்துச் செம்பு இழையில் கட்டுவேன். குறட்டால் என் கணக்குப்படி முறுக்குவேன். என் கட்டு விழுந்ததே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லுவேன். அன்று அந்த வண்டியின் மூக்கு முழுக்க பிளாஸ்டிக்காக இருந்தது. கட்ட இடமில்லை. விரலை உள்ளே விட்டுத் தடவி, கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டதும் அதில் கோத்து இறுக்கிவிட்டேன். கண்ணால் பார்க்கவில்லை. ஃபியூஸ் மூடியை மூன்று முறை பார்க்கிறவன் அதைப் பார்க்கவில்லை.

பிறகு டிரைவர் செவ்வாயும் வெள்ளியும் அதே கம்பியில் பழம் மாற்றியிருக்கிறார். புதுப் பழம் கனக்கும், கம்பி அழுந்தும். காய்ந்தால் கனம் குறையும், வண்டி ஓடும். மதுரையில் வண்டி கழுவுகிறவர்கள் பழத்தைப் பிய்த்து எறிந்திருப்பார்கள். அதனால்தான் அங்கே ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் படுத்த நிலையிலேயே வரிசையாக விளங்கியது.

கட்டரை எடுத்துக் கம்பியை வெட்டினேன். பழம் சாக்கில் விழுந்தது. அதைக் கழிவுத் துணிக் கூடைக்குள் தள்ளினேன். கம்பியைச் சட்டைப் பையில் போட்டேன். அறுபட்ட இடத்தில் டேப் சுற்றினேன், மேலே துணி டேப் சுற்றினேன், வெளியே தெரியாதபடி அழுத்தினேன். யோசித்துச் செய்ததாக ஞாபகமில்லை. கை பாட்டுக்குச் செய்தது.

பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் பட்டனை அமுக்கியதும் வண்டி உறுமியது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. முதலாளி போனைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்தார். முதுகில் தட்டினார். "மதுரை சொல்ல முடியாததை நீரு கண்டுபிடிச்சிட்டீருவே! என்னவே இருந்துச்சு?"

"கனெக்டர்ல பச்சைக் களிம்பு ஏறியிருந்துச்சு அண்ணாச்சி," என்றேன். "தொடச்சி மாட்டிட்டேன்."

வாயில் முதலில் வந்த பொய். எந்த வண்டிக்கும் பொருந்துகிற பொய். அது எங்கே போய் முடியும் என்று சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது.

"களிம்புன்னா ஈரம்," என்றார் இன்ஜினியர். "நான்தான் சொன்னேனே சார்." லேப்டாப்பில் அதையும் எழுதினார்.

முதலாளி டிரைவரைத் திட்டக்கூட இல்லை. "மணி மூணு. உன் சாமான் ஏதும் உள்ள கெடந்தா எடுத்துக்கோ," என்றார். அவ்வளவுதான்.

டிரைவர் என்னைப் பார்த்து, "களிம்பா அண்ணே?" என்று கேட்டார். நான் கை துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

மனைவி தூக்கைக் காட்டினாள். "தொறக்கவே இல்லையே. சோறு வெறைச்சுப் போச்சு." பிறகு கிட்டே வந்து மெதுவாக, "ஏங்க, நெஞ்சைப் புடிச்சிக்கிட்டே நிக்கிய? வலிக்கா?" என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். வலது கை சட்டைப் பையைப் பொத்திக்கொண்டிருந்தது. "ஒண்ணுமில்ல," என்றேன்.

"ஒண்ணுமில்லன்னா இப்படியா வேர்க்கும்? பொய் சொல்லாதிய."

டிரைவர் வண்டிக்குள்ளிருந்து தன் சாமான்களை எடுத்து பெஞ்சில் வைத்தார். ஒரு தண்ணீர் பாட்டில், சீப்பு, சின்ன முருகன் படம், மகளின் காலேஜ் ஃபீஸ் ரசீது மடித்து வைத்த ஒரு பிளாஸ்டிக் உறை. பிறகு துணியை எடுத்து வண்டியை முன்னாலிருந்து துடைக்க ஆரம்பித்தார். யாரும் துடைக்கச் சொல்லவில்லை. மூக்குப் பக்கம் வந்தவர் குனிந்து பார்த்தார். டேஷ்போர்டு பெட்டியிலிருந்து எடுத்த ஒரு புது எலுமிச்சம்பழத்தோடு என்னிடம் வந்தார்.

"அண்ணே, காலையில மாத்துன பழத்தைக் காணோம். கீழ விழுந்துட்டு போல. வெள்ளிக்கிழமையா இருக்கு, நாளைக்கு யாரு ஓட்டுவாவளோ, வெறும் மூஞ்சியா விட வேண்டாம். உங்க கம்பி ஒரு துண்டு குடுங்க. உங்க கட்டுதான் விழாது."

அவர் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நான் தாக்குப் பிடித்திருப்பேன். நிஜமாகவே கம்பி கேட்டுத்தான் நின்றார். நான் சட்டைப் பைக்குள் கையை விட்டு அந்தக் கம்பியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவருக்குப் புரியவில்லை. "இது பழசுல்லா?" என்றார்.

"அண்ணாச்சி," என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் கூப்பிட்டேன். "களிம்பு இல்ல. தண்ணியும் இல்ல. நான் கட்டுன கம்பி. பழம் கட்டும்போது வயரையும் சேத்துக் கட்டிட்டேன். இவரு மேல ஒண்ணும் இல்ல."

பைபாஸில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. முதலாளி வந்து கம்பியை வாங்கி, முறுக்கைப் பார்த்தார். நான் அவரைக் கூட்டிப்போய்க் கீழே படுக்கச் சொல்ல முடியாது. இன்ஜினியர்தான் மடிப்புக் கலையாத சட்டையோடு படுத்து, நான் சுற்றிய டேப்பை விலக்கிப் பார்த்தார். எழுந்தவர் சட்டையைத் தட்டிக்கொண்டே, "ஆமா சார்," என்றார். "இதை எங்க ஆளுங்களும் பாத்திருக்கணும்." லேப்டாப்பைத் திறந்து எழுதியதை அழித்தார்.

"ரெண்டு மாசம்," என்றார் முதலாளி. "ரெண்டு மாசமா என் வண்டிய நீரு கழுத்த நெரிச்சு வச்சிருந்திருக்கீரு. இப்ப சட்டைப் பையில போட்டுட்டு எங்கிட்ட களிம்புங்கீரு." அவர் சத்தம் போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "போவட்டும், தெரியாம கட்டிட்டீரு. அதை நான் மன்னிப்பேன். களிம்புன்னீரு பாத்தீரா, அதை மன்னிக்க மாட்டேன். லாரி ரெண்டு தடவை, அந்தப் பெட்டி, இவரு இன்னைக்கு வந்தது. எம்பதாயிரம். ஒரு ரூவா குறையாது."

"தாரேன் அண்ணாச்சி. மாசாமாசம் தாரேன்."

"தருவீரு."

பிறகு டிரைவரிடம் திரும்பி, "ஆறு மணிக்குக் கல்யாண மண்டபத்துல இருக்கணும். வண்டிய எடு," என்றார். டிரைவர் பெஞ்சில் இருந்த பாட்டில், சீப்பு, முருகன், ரசீது உறை எல்லாவற்றையும் எடுத்துத் திரும்ப உள்ளே வைத்தார். என் பக்கம் பார்க்கவில்லை.

அவர்கள் போன பிறகு மனைவி தூக்கைத் திறந்து தட்டில் சோற்றைப் போட்டாள். "எம்பதாயிரமா?" என்று ஒரு முறை கேட்டாள். பிறகு, "குழம்பு கொஞ்சம் ஊத்திக்கோங்க, வெறும் சோத்தைப் பெசையாதிய," என்றாள். நான் சாப்பிட்டேன். அன்று யாருக்கும் போன் போட்டு லைட்டு எரியுதா என்று கேட்கவில்லை.

அன்றிலிருந்து செம்புக் கம்பியில் எதுவும் கட்டுவதில்லை. வெள்ளை நூல்தான், அதுவும் நம்பர் பிளேட் திருகில். ரோட்டில் விழுந்தால் விழட்டும்.

மாதம் பிறந்ததும் பணம் வாங்க முதலாளி டிரைவரைத்தான் அனுப்புவார். அந்த வண்டி வந்து கடை முன்னால் நிற்கும், இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். நான் உறையைக் கொடுப்பேன். அவர் எண்ணிப் பார்க்க மாட்டார். பேச்சும் அதிகம் இருக்காது. போன மாதம் மட்டும் உறையை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காதுல்லா?"

"தெரிஞ்சிருக்காது."

"ம்," என்றார். உறையை டேஷ்போர்டு பெட்டிக்குள், எலுமிச்சம்பழங்களுக்குப் பக்கத்தில் வைத்து மூடினார். "பொண்ணு மூணாம் வருசம் போயிட்டா," என்றார். வண்டியைப் பைய நகர்த்தினார். ரோட்டு மேட்டில் வயிறு உரசாமல் ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒன்பது தவணை, நாலாயிரம் வீதம் கட்டியிருக்கிறேன். இன்னும் நாற்பத்து நாலாயிரம் ரூபாய் பாக்கி.